ஆணி இல்லாமல் குடும்பப் படச் சுவர்: கமாண்ட் பிக்சர் ஹேங்கிங் ஸ்ட்ரிப் ரிவ்யூ

குழந்தையின் முதல் பள்ளிப் படம், பட்டமளிப்புச் சான்றிதழ், தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் என்று மாட்டுவதற்கு எல்லா வீட்டிலும் ஏதாவது இருக்கும். ஆனால் எல்லாச் சுவரிலும் ஆணி அடிக்க முடியாது. வாடகை வீடாக இருக்கலாம், உள்ளே மின்கம்பி ஓடும் சுவராக இருக்கலாம், டைல்ஸ் பதித்த சுவராகவோ மெல்லிய ஜிப்சம் தடுப்பாகவோ இருக்கலாம். இப்படிப்பட்ட இடங்களுக்காக 3எம் நிறுவனம் கமாண்ட் என்ற பெயரில் ஒட்டும் பொருட்கள் பலவற்றை விற்கிறது. அவற்றில் ஃபிரேமைச் சுவரோடு ஒட்டி நிறுத்தும் பிக்சர் ஹேங்கிங் ஸ்ட்ரிப்பை மட்டும் இங்கே பார்ப்போம். அதே பெயரில் வரும் ஹூக்குகள் வேறு வேலைக்கானவை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். 3.5 கிலோவுக்கு உட்பட்ட, தட்டையான ஃபிரேம்களுக்கு இது மிக நல்ல பொருள். படம் கீழே விழுந்தது என்று வரும் புகார்கள் பலவற்றில் பசை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். விழுந்த ஃபிரேமின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்ட்ரிப்பில் பெயின்ட் படலம் ஒட்டிக்கொண்டிருந்தால் பசை தோற்கவில்லை, சுவர்தான் பெயின்டை விட்டிருக்கிறது. அதனால் இந்த ரிவ்யூவில் ஸ்ட்ரிப்பைவிடச் சுவரைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

எப்படி வேலை செய்கிறது

ஒவ்வொரு ஸ்ட்ரிப்பிலும் ஒரு பக்கம் பசை. மறுபக்கம் குட்டிக் காளான் தலைகள் போல நெருக்கமாக நிற்கும் பிளாஸ்டிக் முனைகள். இரண்டு ஸ்ட்ரிப்புகளை எதிரெதிரே வைத்து அழுத்தினால் இந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். ஒன்று ஃபிரேமில், இன்னொன்று சுவரில். இரண்டும் ஒரே மாதிரிதான், இடம் வலம் என்ற வித்தியாசம் கிடையாது.

பசையின் குணம்தான் இதில் முக்கியம். ஸ்ட்ரிப்பின் நுனியைப் பிடித்து, சுவரை ஒட்டியபடியே கீழ்நோக்கி இழுத்தால் அது ரப்பராக நீண்டு, மெலிந்து, தானே விட்டுவிடும். சுவரிலிருந்து வெளிப்பக்கமாக, நம்மை நோக்கி இழுத்தால் விடாது. பெயின்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பின் நுனியிலும் இருக்கும் பசையில்லாத நாக்கு இப்படி இழுப்பதற்குத்தான். அது கீழ்நோக்கி இருக்கும்படி ஒட்ட வேண்டும்.

இந்த அமைப்பால் இரண்டு நன்மைகள். ஃபிரேம் சுவரோடு படிந்து நிற்பதால் ஆணியில் தொங்கும் படம் போலச் சாய்வதில்லை. பூட்டை விடுவித்து ஃபிரேமை எப்போது வேண்டுமானாலும் கழற்றி, உள்ளே இருக்கும் படத்தை மாற்றி, மறுபடி அழுத்தி மாட்டலாம். ஆண்டுதோறும் பள்ளிப் படம் மாற்றுகிற வீட்டுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை.

எடைக் கணக்கு

ஸ்மால் 4 ஜோடி 1.8 கிலோ, மீடியம் 4 ஜோடி 5.4 கிலோ, லார்ஜ் 4 ஜோடி 7.2 கிலோ தாங்கும் என்பது நிறுவனம் சொல்லும் அளவு. ஃபிரேமின் அளவுக்கும் வரம்பு உண்டு: ஸ்மாலுக்கு 8×10 அங்குலம், மீடியத்துக்கு 18×24, லார்ஜுக்கு 24×36. உங்கள் கையில் இருக்கும் பாக்கெட்டில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதையே கடைசிக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எடை 4 ஜோடிக்கு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2 ஜோடி மட்டும் ஒட்டினால் பாதிதான்.

ஃபிரேமைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்ப்பதே நல்லது. தராசு இல்லையென்றால் கணக்குப் போடலாம். கண்ணாடி 1 மி.மீ. தடிமனுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 40×50 செ.மீ. ஃபிரேமில் 2 மி.மீ. கண்ணாடி என்றால் அதுவே 1 கிலோ. பின்னால் 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை ஏறக்குறைய அரை கிலோ, சுற்றியுள்ள மரச்சட்டம் அரை கிலோவுக்குச் சற்று மேல். ஆக மொத்தம் 2 கிலோவைத் தாண்டிவிடும். கண்ணாடிக்குப் பதில் அதே தடிமனில் அக்ரிலிக் போட்டால் அரை கிலோவுக்கு மேல் குறையும், விழுந்தாலும் சில்லு சில்லாகாது. குழந்தைகள் நடமாடும் இடத்தில் அக்ரிலிக்கையே பரிந்துரைப்பேன்.

2 கிலோ ஃபிரேமுக்கு மீடியம் 2 ஜோடி போதும் என்று கணக்கு காட்டும். ஆனாலும் 4 ஜோடி ஒட்டுங்கள். அச்சிட்ட அளவில் பாதியைத் தாண்டாமல் இருப்பதே வீட்டுக்குச் சரியான வழக்கம். சுவர் ஆய்வுக்கூடச் சுவர் அல்ல. தூசி, ஈரம், பழைய பெயின்ட் எல்லாம் அதில் உண்டு.

எடையைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. அது ஃபிரேமின் ஆழம். சுவரிலிருந்து வெளியே தள்ளி நிற்கும் எடை மேல் ஸ்ட்ரிப்பை நம் பக்கம் இழுக்கும், கீழ் ஸ்ட்ரிப்பைச் சுவரோடு அழுத்தும். ஃபிரேமின் எடையால் வரும் கீழ்நோக்கிய இழுவை பசைக்குப் பெரிய விஷயமில்லை. உரிக்கும் இழுவைதான் எதிரி. 2 கிலோ ஃபிரேமின் எடை மையம் சுவரிலிருந்து 4 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேல் ஸ்ட்ரிப்புக்கும் கீழ் ஸ்ட்ரிப்புக்கும் இடைவெளி 40 செ.மீ. என்றால் மேலே வரும் உரிக்கும் விசை 200 கிராம் அளவுதான். எல்லா ஸ்ட்ரிப்பையும் மேல் விளிம்பிலேயே 8 செ.மீ.க்குள் ஒட்டிவிட்டால் அது 1 கிலோவாகிவிடும், அதாவது 5 மடங்கு. கான்வாஸ் படங்களும் பெட்டி போன்ற ஆழமான ஃபிரேம்களும் எடை குறைவாக இருந்தும் விழுவதற்கு இதுதான் காரணம். மேல் மூலைகள் இரண்டிலும் ஒவ்வொரு ஜோடி, அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருபுறமும் ஒவ்வொரு ஜோடி என்று பிரித்து ஒட்டுவதே நல்ல அமைப்பு.

சுவரைச் சோதிக்கும் விதம்

பாக்கெட்டைப் பிரிக்கும் முன் மூன்று சோதனைகள் செய்யலாம். உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி கையில் ஒட்டினால் அது சுண்ணாம்போ பழைய டிஸ்டெம்பரோ. அந்தச் சுவரில் இந்த ஸ்ட்ரிப் நிற்காது. அடுத்து, மாஸ்கிங் டேப்பில் 5 செ.மீ. துண்டை ஒட்டி, நகத்தால் நன்றாகத் தேய்த்து, ஒரு நிமிடம் விட்டு, வெடுக்கென்று உரியுங்கள். டேப்போடு பெயின்ட் செதில்கள் வந்தால் ஸ்ட்ரிப்போடும் வரும். மூன்றாவது, சுவரைத் தொட்டுப் பார்ப்பது. குளியலறைக்கு முதுகு காட்டும் சுவர், உப்பு பூத்த சுவர், பட்டி பார்த்த இடம் ஊதிப் பொரிந்த சுவர் எல்லாம் விலக்க வேண்டியவை.

வழவழப்பான எமல்ஷன், எனாமல், வார்னிஷ் பூசிய மரம், கண்ணாடி, டைல்ஸ், உலோகம் ஆகியவற்றில் நன்றாகப் பிடிக்கும். வால்பேப்பர், செங்கல், துணி, சொரசொரப்பான டெக்ஸ்சர் பெயின்ட் வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். வால்பேப்பரில் ஸ்ட்ரிப் ஒட்டத்தான் செய்யும். ஆனால் எடையைத் தாங்குவது வால்பேப்பரின் சொந்தப் பசைதான், கழற்றும்போது காகிதமும் கிழியும். ரோலரில் அடித்ததால் ஆரஞ்சுத் தோல் போல லேசாகப் புள்ளி விழுந்த சுவரில், பசை மேடுகளை மட்டுமே தொடும். அங்கே ஸ்ட்ரிப் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அல்லது அந்த ஃபிரேமை வேறு சுவருக்கு மாற்றுங்கள்.

புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர் என்றால் குறைந்தது 7 நாள் காத்திருக்க வேண்டும். தொட்டால் காய்ந்திருப்பது வேறு, உள்வரை இறுகியிருப்பது வேறு. புதுக் குழந்தைக்காக அறையைத் தயார் செய்கிறவர்கள் பெயின்ட் அடித்த மறுநாளே படம் மாட்ட ஆசைப்படுவார்கள். அந்த அறையில்தான் இந்தக் காத்திருப்பு மிகவும் அவசியம்.

ஒட்டும் முறை

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சு அல்லது தூசி விடாத துணி, ரசமட்டம், பென்சில், கூடவே இன்னொரு ஆள். இவ்வளவுதான் தேவை. ஈரத்துணி, சோப்புத் தண்ணீர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். அவை விட்டுப்போகும் கண்ணுக்குத் தெரியாத படலத்தின் மேல் பசை சரியாகப் பிடிக்காது. ஆல்கஹாலை மெதுவாக ஒரு முறை துடைத்தால் போதும். அழுத்தித் தேய்த்தால் எமல்ஷன் இளகும். பஞ்சில் நிறம் கெட்டியாக இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். ஃபிரேமின் பின்புறத்தையும் இதே போலத் துடைக்க வேண்டும்.

ஃபிரேமின் பின்புறத்தில் பலர் கவனிக்காமல் விடுவது இரண்டு. ஒன்று, வெல்வெட் துணி, காகிதம் அல்லது பூச்சில்லாத எம்.டி.எஃப். இருந்தால் பசை அந்த இழைகளையும் தூளையும்தான் பிடிக்கும், ஃபிரேமை அல்ல. பூச்சில்லாத மரத்துக்கு வார்னிஷ் ஒரு கை அடித்து, முழுக்கக் காயவிட்டு ஒட்டலாம். துணி என்றால் அந்த இடத்தில் மட்டும் உரித்தெடுக்க வேண்டும். இரண்டாவது, சட்டத்தின் அகலம். சட்டம் ஸ்ட்ரிப்பைவிடக் குறுகலாக இருந்து, ஸ்ட்ரிப் பாதி பின்பலகை மேல் ஏறிவிட்டால், படத்தை மாற்ற ஃபிரேமைத் திறக்க முடியாது. பலகை தளர்வாக இருந்தால் அதோடு ஸ்ட்ரிப்பும் பிடி விடும். குறுகலான ரகம் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஸ்ட்ரிப்பைக் கத்தரித்துச் சின்னதாக்குவது தவறு. வெட்டினால் தாங்கும் எடையும் குறையும், இழுக்கும் நாக்கும் போய்விடும். ஃபிரேமில் ஏற்கெனவே இருக்கும் தொங்கவிடும் கொக்கி துருத்திக்கொண்டிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். அது சுவரில் இடித்தால் ஸ்ட்ரிப்புகள் முழுதாகப் பூட்டாது.

இனி வரிசை. ஜோடிகளை முதலில் ஒன்றோடொன்று அழுத்திப் பூட்டுங்கள். ஒரு பக்கத் தாளை உரித்து ஃபிரேமில் ஒட்டி, ஒவ்வொன்றையும் 30 விநாடி அழுத்துங்கள். பிறகு மறுபக்கத் தாள்களை உரித்து, ரசமட்டத்தை ஃபிரேமின் தலையில் வைத்து, பென்சில் குறிக்கு நேராகச் சுவரில் வைத்து 30 விநாடி அழுத்துங்கள். இங்கே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

ஃபிரேமின் கீழ் மூலைகள் இரண்டையும் பிடித்து, மேல்நோக்கித் தூக்கியபடி மெதுவாக வெளியே விடுவியுங்கள். பூட்டு கீழிருந்து ஒவ்வொன்றாகக் கழலும். மேலிருந்து இழுத்தால் பூட்டுக்குப் பதில் பசை உரிந்துவிடும். இப்போது சுவரில் தங்கியிருக்கும் ஸ்ட்ரிப்புகளை விரலால் நேரடியாக, ஒவ்வொன்றையும் 30 விநாடி அழுத்துங்கள். ஃபிரேம் நடுவில் இருந்தபோது போன அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் போயிருக்காது என்பதால்தான் இந்தப் படி. அதன்பின் 1 மணி நேரம் வெறுமனே விட வேண்டும். இந்த வகைப் பசை அழுத்தத்தால் பரவி, சுவரின் நுண்ணிய பள்ளங்களுக்குள் மெல்ல மெல்ல இறங்கிப் பிடிப்பது. ஒட்டிய நிமிடத்தில் இருக்கும் பிடிப்பு அதன் முழுப் பிடிப்பு அல்ல. ஃபிரேம் ஏற்கெனவே நிற்கிறதே என்று இந்த ஒரு மணி நேரக் காத்திருப்பைத் தவிர்ப்பது நள்ளிரவில் படம் விழுவதற்கு ஒரு பொதுவான காரணம்.

திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு ஜோடியின் மேலும் தனித்தனியே அழுத்தி, கிளிக் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். நான்கு ஜோடி என்றால் நான்கு இடத்திலும் கேட்க வேண்டும். லேசான சாய்வு இருந்தால் ஃபிரேமை எடுத்து மறுபடி பூட்டும்போது சில மி.மீ. திருத்தலாம். அதற்கு மேல் கோணல் என்றால் புது ஸ்ட்ரிப்தான். ஒருமுறை உரித்த பசை மறுபடி உதவாது.

பல படங்களை ஒரே சுவரில் மாட்டப் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு ஃபிரேமின் அளவிலும் செய்தித்தாளை வெட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் பாருங்கள். தொகுப்பின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 152 செ.மீ. உயரத்தில் இருந்தால் நின்று பார்க்கும் பெரியவர்களின் கண்ணுக்கு நேராக வரும். ஃபிரேம்களுக்கு இடையே 5 செ.மீ. விடுங்கள். அதைவிடக் குறைத்தால் ஒன்றைக் கழற்றும்போது விரல் நுழையாமல் பக்கத்து ஃபிரேமை இடிக்கும்.

உயரம் குறிக்கும் பலகைக்கு

குழந்தைகள் வளர வளர உயரம் குறிக்கும் பலகைக்கு இந்த ஸ்ட்ரிப் மிகப் பொருத்தம். சுவரிலோ கதவு நிலையிலோ நேரடியாகக் குறித்தால் வீடு மாறும்போதும் அடுத்த பெயின்ட்டின்போதும் எல்லாம் போய்விடும். பலகையில் குறித்தால் அது கூடவே வரும். 15 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளமுள்ள மெல்லிய பிளைவுட் பலகை 2 கிலோவுக்கு உள்ளேயே இருக்கும். அதன் அடி விளிம்பு தரையிலிருந்து சரியாக 50 செ.மீ.யில் நிற்கட்டும், பலகையின் அளவுகளையும் 50-இலிருந்தே தொடங்குங்கள். இது முக்கியம்: புது வீட்டிலும் அதே 50 செ.மீ.யில் மாட்டினால்தான் பழைய குறிகளோடு புதியவை ஒத்துப்போகும்.  மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்தில் இரண்டிரண்டு ஜோடி ஒட்டினால், குழந்தை முதுகை வைத்துச் சாய்ந்தாலும் தலைமேல் புத்தகத்தை வைத்துத் தேய்த்தாலும் அசையாது. பென்சில் குறி காலத்தால் மங்கும், நிறமி மையுள்ள பேனாவால் தேதியோடு எழுதுங்கள்.

கழற்றும்போது

நாக்கை இரு விரலால் பிடித்து, சுவரை உரசியபடி நேராகக் கீழே, மிக மெதுவாக இழுக்க வேண்டும். ஸ்ட்ரிப்பின் மேல் பகுதியை இன்னொரு கை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். இறுக்கி அழுத்தக் கூடாது, விடுபடும்போது முகத்தில் தெறிக்காமல் இருப்பதற்குத்தான் அது. ஒரு அடி வரைகூட நீளும், பயப்பட வேண்டாம். அவசரப்பட்டு இழுத்தால் நடுவில் அறுந்துவிடும். குளிரில் பசை விறைத்திருந்தால் ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடு காட்டிவிட்டு இழுங்கள்.

நாக்கு அறுந்துபோனால் கத்தியை நுழைக்காதீர்கள், சுவரில் கீறல் நிச்சயம். மேற்படி சூடு காட்டி, டென்டல் ஃபிளாஸ் நூலை ஸ்ட்ரிப்புக்குப் பின்னால் விட்டு, ரம்பம் அறுப்பது போல மேலிருந்து கீழாக இழுத்து வாருங்கள். மிச்சமிருக்கும் பசையை விரலால் உருட்டினாலே திரண்டு வந்துவிடும். மெல்லிய கறை தங்கினால் ஆல்கஹால் போதும்.

எங்கே வேண்டாம்

கட்டில், தொட்டில் தலைமாட்டுக்கு மேலே வேண்டாம். எவ்வளவு சரியாக ஒட்டியிருந்தாலும் சரி. விலை மதிப்பில்லாத, வேறு பிரதி இல்லாத படத்துக்கும் வேண்டாம். பழைய குடும்பப் படம் என்றால் நல்ல ஸ்கேன் எடுத்து நகலை மாட்டி, மூலத்தைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். வெயில் நேராக அடிக்கும் சுவரில் பசையும் இளகும், படமும் வெளுக்கும். 10 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் இதற்கு ஏற்ற சூழல். அடுப்புக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் படலம், குளியலறையில் நீராவி இரண்டுமே கெடுதல். குளியலறைக்கு நீர் தாங்கும் ஸ்ட்ரிப் தனியாக வருகிறது, இதை அங்கே பயன்படுத்தாதீர்கள். முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி, புத்தக அலமாரி, கனமான சுவர்க் கடிகாரம் போன்றவற்றுக்கு டிரில் போட்டு, பிளாஸ்டிக் பிளக் வைத்து, திருகாணி முடுக்குவதே முறை. வீட்டுக்காரரின் அனுமதி கேட்க வேண்டியிருந்தாலும் அதுதான் சரி.

வாங்கும்போது

இதே போன்ற தோற்றத்தில் பெயரில்லாத ஸ்ட்ரிப்புகள் நிறைய வருகின்றன. சிலவற்றில் காளான் முனைகள் மட்டும் ஒன்றாக இருக்கும், பசை சாதாரண இருபக்க டேப்பாக இருக்கும். ஒட்டும் வரை வித்தியாசம் தெரியாது, கழற்றும்போது சுவரில் பள்ளம் விழும். பசையோடு சேர்ந்த நாக்கு இருக்கிறதா, 'நீட்டினால் விடுபடும்' வகை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்ட்ரிப்பைக் கண்ணாடி ஜன்னலில் ஒட்டி, மறுநாள் நாக்கை இழுத்துப் பாருங்கள். நீளாமல் அறுந்தால் அதைச் சுவருக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஸ்மால், மீடியம், லார்ஜ் மூன்றையும் வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. வீட்டில் உள்ள பெரும்பாலான ஃபிரேம்களுக்கு மீடியம் போதும், கான்வாஸுக்கும் 60 செ.மீ.க்கு மேற்பட்ட ஃபிரேமுக்கும் மட்டும் லார்ஜ். மொத்தமாக ஒரு பெரிய பாக்கெட் வாங்கினால் மிச்சத்தை அதன் உறையிலேயே, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். தாள் பிரிந்து தூசி படிந்த ஸ்ட்ரிப்பை ஃபிரேமுக்குப் பயன்படுத்த வேண்டாம்; காகிதச் சுவரொட்டிக்கோ பிறந்தநாள் தோரணத்துக்கோ ஒதுக்கிவிடலாம்.